அரங்கின் அமைதி: கணக்கில் வராத பொதுவளம்

(பொருளியல் மாணவர்களும் பயிற்சி பெறும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பொதுச் சொத்து என்றவுடன் சாலை, பாலம், ஏரி, மேய்ச்சல் நிலம் ஆகியவையே பெரும்பாலோர்க்கு நினைவில் எழுகின்றன. அவற்றை அளக்கலாம், பதிவேட்டில் ஏற்றலாம், ஆக்கிரமிப்பு நேர்ந்தால் அறிவிப்பு அனுப்பலாம். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத பொதுச் சொத்து ஒன்றும் உண்டு. ஓர் அரங்கில் ஐந்நூறு பேர் அமர்ந்து, விளக்குகள் தணிந்து, தம்பூராவின் சுருதி எழும் வேளையில் உண்டாகும் அமைதியே அது. எவரும் தனித்து அதை உற்பத்தி செய்ய இயலாது. ஐந்நூறு பேரும் சேர்ந்தே அதை உண்டாக்குகின்றனர். ஆனால் அவர்களில் எவரேனும் ஒருவர் தனித்தே அதை நொடியில் அழித்துவிட முடியும்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அந்த அரங்கில் அரை நிமிட நேரம் ஒரு கைப்பேசி ஒலிக்கிறது என்று கொள்வோம். ஐந்நூறு பேருக்கு அரை நிமிடம் எனில் மொத்தம் 250 நிமிடங்கள். அதாவது நான்கு மணி நேரத்திற்கும் அதிகம். இழப்பு அதோடு நிற்பதில்லை. விளம்பித காலத்தில் ஆலாபனை செய்யும் இந்துஸ்தானிப் பாடகர் ஒரு சுரத்தை மெல்ல நெருங்கிக்கொண்டிருந்தார் எனில், கலைந்த இடத்திற்கு அவர் மீண்டும் வந்து சேரப் பத்து நிமிடம் ஆகலாம். வந்து சேராமலும் போகலாம். கைப்பேசிக்கு உரியவர் ஏற்கும் செலவோ, பையைத் துழாவும் சில நொடிகளின் வெட்கம் மட்டுமே. ஒருவரின் செயலால் பிறர் மீது விழும் செலவு, செய்தவரின் கணக்கில் ஏறாமல் போவதைப் பிகு என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் 1920-ஆம் ஆண்டிலேயே விரிவாக ஆராய்ந்தார். ஆலைப் புகைபோக்கி அவர் காலத்து எடுத்துக்காட்டு. மாணவர்கள் இன்று அதனைப் புறவிளைவு என்னும் தலைப்பில் படிக்கின்றனர். தேர்வுத்தாளில் ஆலைப் புகையைப் பற்றிச் சிறப்பாக எழுதிவிட்டு, மாலையில் நாடகம் பார்க்கச் சென்று கைப்பேசியின் திரையை ஒளிர விடுபவர்களும் அவர்களுள் உண்டு.

விலை குறைந்தது, தொல்லை மாறியது

இத்தொல்லையை மக்களின் நாகரிகக் குறைவு என்று கூறி முடித்துவிடுவது எளிது. அது முழு விளக்கமாகாது. கைப்பேசியின் வரலாற்றைச் சற்றே நோக்கினால், தொல்லையின் வடிவம் ஒவ்வொரு கட்டத்திலும் விலையைப் பின்தொடர்ந்தே மாறி வந்திருப்பது புலனாகும்.

இந்தியாவில் முதல் கைப்பேசி அழைப்பு 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் நிகழ்ந்தது. அன்றைய மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து, டெல்லியில் இருந்த மத்திய தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அக்காலத்தில் ஒரு நிமிடப் பேச்சுக்கு 16 ரூபாய் வரை ஆயிற்று. வரும் அழைப்பிற்கும் கட்டணம் உண்டு. ஆகவே கைப்பேசி வைத்திருந்தோர் மிகச் சிலர். அவர்களும் சுருக்கமாகவே பேசினர். அரங்கில் மணி ஒலித்தால் பலர் திரும்பிப் பார்த்தனர். அப்பார்வையில் எரிச்சலைவிட வியப்பே மிகுந்திருந்தது எனலாம்.

2003-ஆம் ஆண்டு மே மாதத்தில், அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்து, வரும் அழைப்புகள் இலவசமாயின. அது முதல் கைப்பேசியை அணைத்து வைக்க எவருக்கும் காரணம் இல்லாமற் போயிற்று. ஒலியின் தொல்லை அக்கட்டத்திற்கு உரியது. திரைப்பாடல்களை அழைப்பொலியாக வைத்துக்கொள்ளும் வழக்கமும் அவ்வாண்டுகளில் பரவியதே. அடுத்த பெரிய மாற்றம் இணையத் தரவின் விலையில் நேர்ந்தது. 2014-ஆம் ஆண்டில் ஒரு கிகாபைட் தரவு சராசரியாகச் சுமார் 270 ரூபாய்க்கு விற்றது. 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய நிறுவனம் ஒன்று சந்தையில் நுழைந்ததைத் தொடர்ந்து விலை வீழ்ந்து, பின்னர் பத்து ரூபாய் அளவிற்கு வந்தது. இன்று நாட்டில் 110 கோடிக்கு மேற்பட்ட கைப்பேசி இணைப்புகள் உள்ளன. இரண்டு மணி நேர நிகழ்ச்சியை முழுவதும் படம் பிடிப்பதற்கும், அங்கிருந்தபடியே உலகிற்கு ஒளிபரப்புவதற்கும் இப்போது செலவு ஏறக்குறைய இல்லை. ஆகவே தொல்லையும் காதிலிருந்து கண்ணுக்கு இடம் மாறியுள்ளது. இருட்டில் ஒளிரும் திரையும், தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் கையுமே இக்கட்டத்தின் அடையாளங்கள்.

இந்த விலை வீழ்ச்சியைக் குறை கூறுவது பொருந்தாது. வட கேரளக் கடற்கரையில் 1997-க்கும் 2001-க்கும் இடையில் கைப்பேசி பரவியபோது, மத்தி மீனின் விலை ஊருக்கு ஊர் வேறுபட்ட நிலை மாறியதையும், விற்காமல் வீணாகும் மீன் குறைந்ததையும் ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியலறிஞர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டியுள்ளார். வெளியூரில் உழைக்கும் தொழிலாளி நாள்தோறும் தன் குழந்தையின் முகத்தைப் பார்க்க முடிகிறது. இவை பெரும் நன்மைகள். மலிவான பொருளொன்று தனக்கு உரியதல்லாத இடத்திலும் தடையின்றி நுழைந்துவிட்டது என்பது மட்டுமே இங்குள்ள சிக்கல்.

உயர்ந்த கை

படம் பிடிப்பவர் தம் மட்டில் ஒரு நியாயம் வைத்திருக்கிறார். அவர் சத்தம் போடவில்லை. பணம் கொடுத்து நுழைந்திருக்கிறார். நினைவுக்காக ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறார். அவருக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரோ மேடையைப் பார்க்க வந்து, உள்ளங்கை அகலத்தில் ஒளிரும் மேடையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சிறிது நேரத்தில் அவரும் கையை உயர்த்துகிறார். கூட்டத்தில் ஒருவர் நுனிக்காலில் நின்றால் அவருக்கு நன்றாகத் தெரியும். அனைவரும் நுனிக்காலில் நின்றால் எவருக்கும் முன்னைவிட நன்றாகத் தெரியப் போவதில்லை, கால் வலிதான் மிஞ்சும். வளர்ச்சியின் சமூக எல்லைகளைப் பற்றி ஃபிரெட் ஹிர்ஷ் 1976-ல் எழுதிய நூல் இந்த உண்மையைச் சுற்றியே அமைந்தது.

படம் பிடிப்பவருக்குத் தாம் எண்ணிய பயன் கிட்டுகிறதா என்பதும் ஆராயத்தக்கதே. அமெரிக்க உளவியல் ஆய்விதழ் ஒன்றில் 2017-ல் அலிக்சாண்ட்ரா பராஷும் மூவரும் வெளியிட்ட ஆய்வு இது குறித்துக் கருதத்தக்க முடிவொன்றைத் தருகிறது. தாமே விரும்பிப் படம் எடுத்துக்கொண்டு ஓரிடத்தைச் சுற்றிப் பார்த்தவர்கள், கண்ணால் கண்டவற்றைப் பிறரைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தனர். காதால் கேட்டவற்றைப் பிறரைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தனர். அருங்காட்சியகத்தில் இது இலாபமாகலாம். இசை அரங்கில் காதால் கேட்பதற்கே மக்கள் வருகின்றனர் என்பதை எண்ணும்போது, அங்கு நட்டம் அயலாருக்கு மட்டும் உரியதன்று என்று தெரிகிறது.

இதில் மறுபக்கமும் உண்டு. மகளின் முதல் மேடையேற்றத்தைப் பதிவு செய்யும் தாயைக் குற்றம் கூற எவருக்கும் மனம் வராது. பெரிய பாடகர் எவரும் எட்டிப் பாராத சிற்றூரில் இருக்கும் மாணவனுக்கு, யாரோ எடுத்த பதிவே குருவாக அமைகிறது. இசை வரலாற்றிலும், இல்லங்களில் நடந்த சிறு கச்சேரிகளைச் சுவைஞர்கள் ஒலிநாடாவில் பதிந்து வைத்ததனாலேயே பல அரிய பாட்டுகள் தப்பிப் பிழைத்தன. ஆனால் அன்று பாடகரின் இசைவோடு ஒரு மூலையில் ஒரே ஒரு கருவி சுழன்றது. இன்று ஒரே காட்சியை இருநூறு கைகள் ஒரே கோணத்தில் பதிகின்றன. அவற்றில் எத்தனை மறுமுறை பார்க்கப்படுகின்றன என்று கேட்டால், கைப்பேசிக்கு உரியவரே சிரித்துவிடுவார்.

சட்டம் எட்டும் தொலைவு

தொல்லை என்றால் தடைச் சட்டம் என்பதே அரசு அலுவலர்க்கு முதலில் தோன்றும் தீர்வு. அத்தீர்வு வேறிடத்தில் சோதிக்கப்பட்டுள்ளது. நியூயார்க் நகர மன்றம் 2003-ஆம் ஆண்டில், மேயர் இசைவு மறுத்தும் அதனை மீறி, பொது நிகழ்ச்சிகளின்போது கைப்பேசி ஒலிப்பதையும் அதில் பேசுவதையும் தடை செய்து, 50 டாலர் அபராதம் விதித்தது. மேயரின் வாதம் எளியது: இதை நடைமுறைப்படுத்த முடியாது என்பதே. இருண்ட அரங்கில், ஓசை எந்த இருக்கையிலிருந்து எழுந்தது என்று காவலர் எவ்வாறு காண்பார்? கண்டபின் அவரை வெளியே அழைத்துச் செல்லும் ஆரவாரம், ஒலித்த மணியைவிடப் பெரிதாகாதா?

சட்டம் வந்து ஒன்பதாம் ஆண்டில், 2012 ஜனவரி 10-ஆம் நாள், அதே நகரில் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் இசைக்குழு மாலரின் ஒன்பதாம் சிம்பொனியை வாசித்துக்கொண்டிருந்தது. ஓசை தேய்ந்து தேய்ந்து அமைதியில் கரையும் இறுதிப் பகுதியில், முன் வரிசையில் ஒரு கைப்பேசி ஒலிக்கத் தொடங்கியது, நிற்கவில்லை. நடத்துநர் ஆலன் கில்பர்ட் இசையையே நிறுத்திவிட்டார். கூட்டம் கொதித்தது; வெளியேற்று, அபராதம் போடு என்று குரல்கள் எழுந்தன. பின்னர் வெளியான செய்திதான் சிந்திக்க வைப்பது. கைப்பேசிக்கு உரியவர் பல்லாண்டுகளாக அக்குழுவின் இசையைச் சந்தா செலுத்திக் கேட்டு வந்தவர். அவர் பணியாற்றிய நிறுவனம் முந்தின நாள்தான் அவருக்குப் புதிய கருவியைக் கொடுத்திருந்தது. அழைப்பொலியை அவர் அடக்கியே வைத்திருந்தார். ஒலியடக்கிய நிலையிலும் எச்சரிக்கை மணி ஒலிக்கும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. ஒலித்தது தம்முடையதுதான் என்பதும் சற்று நேரம் அவருக்கு விளங்கவில்லை. இத்தகையவரை அபராதம் திருத்தப் போவதில்லை. நுழைவாயிலில் ஒருவர் நின்று, "எச்சரிக்கை மணியையும் நிறுத்திவிட்டீர்களா?" என்று கேட்டிருந்தால் போதும்.

இந்தியச் சட்டங்கள் இவ்விஷயத்தில் காக்கும் நலன் வேறு. 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் 2023-ல் திருத்தப்பட்டு, திரையரங்கில் படத்தைக் களவாகப் பதிவு செய்வோர்க்கு மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், மூன்று இலட்ச ரூபாய் முதல், தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் ஐந்து விழுக்காடு வரை அபராதமும் விதிக்க வகை செய்யப்பட்டது. பதிப்புரிமைச் சட்டம், நிகழ்த்துவோரின் இசைவின்றி அவர் நிகழ்ச்சியைப் பதிவு செய்து பரப்புவதைத் தடுக்கிறது. தமக்கென்று மட்டும் பதிந்துகொள்வோர்க்கு விலக்களிக்கிறது. முன்னதில் தயாரிப்பாளரும் பின்னதில் கலைஞரும் பாதுகாக்கப்படுகின்றனர். பக்கத்து இருக்கைக்காரருக்கு இவற்றில் இடமில்லை. இருக்க வேண்டும் என்று கூறவும் முடியாது. தண்டனைச் சட்டத்தைக் கொண்டு அயலார் உறவைச் சீர்செய்ய முற்பட்டால், காவல் நிலையங்களுக்கு வேறு வேலை செய்ய நேரமிராது.

அலைகளை முடக்கும் கருவிகளைப் பற்றியும் அவ்வப்போது பேசப்படுகிறது. பிரான்சு அரசு 2004-ல், அவசர அழைப்புகள் தடைபடக் கூடாது என்னும் நிபந்தனையுடன், திரையரங்குகளில் அவற்றுக்கு இணக்கம் தெரிவித்தது. நம் நாட்டில் தனியார் அவற்றை அரசின் அனுமதியின்றி வைத்திருப்பதே சட்டத்திற்கு மாறானது. அது சரியான நிலைப்பாடே. முடக்கும் கருவி அரங்கின் சுவரோடு நிற்காது. எதிர்வீட்டு நோயாளியின் அழைப்பையும் விழுங்கக்கூடும். மேலும் எச்சரிக்கை மணியும் படம் பிடிக்கும் கருவியும் அலையின்றியே இயங்குபவை. இன்றைய தொல்லையில் பெரும்பகுதிக்கு அது மருந்தேயன்று.

நீர் பங்கிடுவோர்

பொதுவளம் யாவும் அழிந்தே தீரும் என்று காரெட் ஹார்டின் 1968-ல் எழுதினார். ஒவ்வோர் இடையனும் மேலும் ஒரு மாட்டை ஓட்டிவர, மேய்ச்சல் நிலம் பாழாகும் என்பது அவர் காட்டிய படம். எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார் 1990-ல் வெளியிட்ட நூலில் இதனை மறுத்தார். தனியாருக்கு விற்காமலும் அரசு கையேற்காமலும், பயன்படுத்துவோரே விதி வகுத்து நூற்றாண்டுகளாகக் காத்து வந்த பாசனங்களையும் காடுகளையும் அவர் எடுத்துக்காட்டினார். 2009-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்திய மாணவர்க்கு அருகிலுள்ள சான்று, ஆந்திரப் பிரதேசத்தின் கர்னூல் மாவட்டக் கால்வாய்ப் பாசன ஊர்களைப் பற்றி ராபர்ட் வேட் 1988-ல் எழுதிய நூல். அங்குச் சில ஊர்களில் ஊராரே கூலி கொடுத்து நீர் பங்கிடுவோரையும் வயற்காவலரையும் அமர்த்தியிருந்தனர். வேறு ஊர்களில் அத்தகைய ஏற்பாடு ஏதுமில்லை. வேறுபாட்டிற்குக் காரணம் மக்களின் ஒழுக்கமன்று. கால்வாயின் கடைப்பகுதியில், நீர் வருமோ வராதோ என்ற நிலையிலிருந்த ஊர்கள் ஒன்றுகூடி விதி செய்தன. தலைமடையில் நீர் தாராளமாகப் பெற்ற ஊர்களுக்கு அதற்கான தேவை எழவில்லை.

அரங்குகளிலும் இதுவே காணப்படுகிறது. பெரிய ஒலிபெருக்கிகளை நம்பும் கேளிக்கை நிகழ்ச்சியில் அமைதி ஏராளம் தேவைப்படுவதில்லை. அங்கே விதியும் தளர்வு. அமைதி இன்றேல் நிகழ்ச்சியே இல்லை என்னும் இடங்களிலோ விதி கடுமையாகவும், அதைக் காப்போர் விழிப்பாகவும் உள்ளனர். மும்பை ஜூஹுவில் 1978-ல் தொடங்கப்பட்ட பிருத்வி தியேட்டர் ஏறத்தாழ இருநூறு இருக்கைகளே கொண்டது. நடிகரின் மூச்சும் பார்வையாளருக்குக் கேட்கும் நெருக்கம். மூன்றாம் மணி அடித்தபின் அங்கு எவரும் நுழைய முடியாது. அந்த விதி கைப்பேசிக்கு முந்தியது. காலம் தாழ்த்தி வருபவரின் காலடி ஓசைக்காக ஏற்பட்டது. பார்வையாளர் அதை ஏற்றுப் பழகியிருந்ததனால், கைப்பேசியை அணைக்கச் சொன்னபோது அது புதிய கட்டளையாகத் தோன்றவில்லை.

ராம்நகரின் அதட்டல்

இந்தியக் கூட்டம் அமைதி காக்காது என்று கூறுவோர் உண்டு. அவர்கள் வாராணசிக்கு எதிர்க்கரையில் உள்ள ராம்நகரின் ராமலீலையை நோக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காசி மன்னர்களின் ஆதரவில் உருப்பெற்ற இந்நிகழ்ச்சி, ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு மாத காலம் நடைபெறுகிறது. ஊரின் பல பகுதிகளே அயோத்தியாகவும் ஜனகபுரியாகவும் இலங்கையாகவும் அமைய, கதை இடம் மாறும்போது ஆயிரக்கணக்கான மக்களும் உடன் நடக்கின்றனர். மின்விளக்கு இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. பந்தமும் பெட்ரோமாக்ஸ் விளக்குமே ஒளி. திறந்த வெளியில் சிறுவர்கள் உரக்கக் கூறும் வசனம், கூட்டத்தின் கடைசி வரை சென்று சேர வேண்டும்.

அது சேர்வதற்கு ஒரு முறை வகுக்கப்பட்டிருக்கிறது. ராமாயணிகள் துளசிதாசரின் பாட்டைப் பாடி முடித்ததும், வசனம் தொடங்கும் முன், கையில் ஏட்டுடன் நிற்கும் வியாசர் உரத்த குரலில் "பேசாதிருங்கள், கவனம்!" என்று இந்தியில் அதட்டுகிறார். கூட்டம் அடங்குகிறது. வசனம் முடிந்ததும் மீண்டும் சலசலப்பு. தேநீர் அருந்துகின்றனர், நண்பரைத் தேடுகின்றனர், மடியில் உள்ள நூலைப் புரட்டுகின்றனர். மறுபடி அதட்டல், மறுபடி அமைதி. ஒவ்வோர் இரவும் இது பலமுறை நிகழ்கிறது. நாள் முழுவதும் வாய் மூடியிருக்குமாறு எவரும் எவரையும் கேட்பதில்லை. எப்போது அமைதி வேண்டும் என்பது தெளிவாக அறிவிக்கப்படுகிறது. அந்த வேளை குறுகியது. அறிவிப்பவர் கூட்டத்தின் நடுவிலேயே நிற்கிறார். ஆண்டுதோறும் தவறாமல் வரும் பழைய பார்வையாளர்கள் நேமிகள் எனப்படுகின்றனர். விதி அறியாதவரை அடக்குவதற்கு அவர்களின் ஒரு பார்வையே போதும்.

கோல்ட்ப்ளே என்னும் ஆங்கிலேய இசைக்குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டின் விளையாட்டரங்கங்களில் செய்வதும் ஏறக்குறைய இதுவே. குறிப்பிட்ட ஒரு பாட்டின் நடுவே இசையை நிறுத்தி, இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் கைப்பேசிகளைப் பைக்குள் வையுங்கள் என்று அவர் பல நாடுகளிலும் கேட்டு வருகிறார். மற்றப் பாட்டுகளுக்குத் தடை கிடையாது. ராம்நகருக்கும் அவருக்கும் தொடர்பேதும் இல்லை. சிக்கல் ஒன்றாக இருந்ததால் விடையும் ஒன்றாக அமைந்தது போலும்.

பழைய சாத்திரங்களும் இதை அறியாதவை அல்ல. பரதரின் நாட்டிய சாத்திரம், நிகழ்ச்சியின் வெற்றியைப் பற்றிப் பேசும் இயலில், அதற்கு நேரும் தடைகளையும் வகைப்படுத்துகிறது. தெய்வத்தால் வருவன, நடிகரின் பிழையால் வருவன, பிறரால் வருவன என்பவை அவற்றுள் உண்டு. பிறரால் வருவனவற்றுள் கூச்சலும் சீழ்க்கையும் மட்டுமின்றி, சாணியும் மண்கட்டியும் எறிதலும் சொல்லப்படுகின்றன. அந்த அளவில் இன்றைய பார்வையாளர் முன்னேறியிருக்கிறார் என்றே கொள்ளலாம். சுவைஞரின் ஆரவாரம் அந்நூலில் தடையாகாது. வெற்றியின் அடையாளமாகவே அது எண்ணப்படுகிறது. இந்திய அரங்கின் அமைதி, ஐரோப்பிய அரங்கின் அசையா அமைதியன்று. தாளம் போடும் கையும், நல்ல இடத்தில் எழும் "ஆகா"வும் அந்த அமைதிக்குள் அடங்கியவை. பாடகருக்குத் தாம் சென்று சேர்ந்த செய்தியை அவை தெரிவிக்கின்றன. கைகள் இரண்டும் கைப்பேசியைப் பற்றியிருக்கும் போது தாளம் போட கை ஏது? கலைஞர்க்குப் பெரிய இழப்பு இதுவே. ஓசை நின்றுவிட்ட பின்னும், எதிரே எவரும் இல்லாதது போன்ற ஒரு வெறுமை மேடையை நோக்கி வருகிறது.

வாயிலில் ஒரு மேசை

கோயில்கள் இவ்வகையில் அரங்குகளுக்கு முந்திக்கொண்டன. பூரி ஜகந்நாதர் கோயிலில் பக்தர்க்கு முன்பே இருந்த தடை, 2023 ஜனவரி முதல் பணியாளர்க்கும் காவலர்க்கும் சேர்த்து விரிவாக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர்க் கோயில் தொடர்பான வழக்கில், 2022 டிசம்பரில் தமிழ்நாட்டுக் கோயில்களில் கைப்பேசியைத் தடை செய்யுமாறு ஆணையிட்டது. கேதார்நாத்தில் 2023 ஜூலையில் தடை வந்தது. இவற்றில் பூரியின் ஏற்பாடே ஆழ்ந்து நோக்கத்தக்கது. விதி காப்பவர் தாமே விதிக்குக் கட்டுப்படாத இடத்தில் வரிசையில் நிற்பவர் ஏன் கட்டுப்பட வேண்டும் என்னும் கேள்வியை அது முன்கூட்டியே தீர்த்துவிட்டது. பல்லாயிரவர் வந்து செல்லும் கோயில் வாயிலில் கைப்பேசியை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்க முடியுமெனில், ஐந்நூறு இருக்கை கொண்ட அரங்கின் வாயிலில் முடியாது என்று கூறுவதற்கில்லை. ஒரு மேசை, எண்ணிட்ட பைகள், இரண்டு பணியாளர். இதற்கு மேல் செலவு இல்லை.

சீனாவின் சில பெரிய அரங்குகளில் பணியாளர்கள் பின்னாலிருந்து, ஒளிரும் கைப்பேசியின் மீது லேசர் புள்ளியைப் பாய்ச்சி எச்சரிக்கின்றனர். இது பயனளிப்பதாகக் கூறப்படுகிறது. ஆனால் இருட்டில் ஓடும் செம்புள்ளி, தவறு செய்யாதவர் கண்ணையும் இழுக்கும். கேரளத்தின் கூடியாட்டத்தில், ஒற்றை நிலவிளக்கின் ஒளியில் நடிகரின் விழி அசைவே கதை சொல்லும்போது, இத்தகைய சிகிச்சை நோயினும் கொடிதாகும்.

கைப்பேசியை ஒப்படைக்க இயலாதவரும் இருக்கின்றனர். அறுவை மருத்துவர், வீட்டில் நோயுற்ற தந்தையை விட்டு வந்தவர், அணையின் நீர்மட்டத்தைக் கண்காணிக்கும் பொறியாளர் ஆகியோரின் தேவை உண்மையானது. கைப்பேசி இல்லாக் காலத்தில் இவர்கள் நாடகமும் திரைப்படமும் பார்க்கவே செய்தனர். மருத்துவர் தம் இருக்கை எண்ணை மேலாளரிடம் விட்டுச் செல்வார். திரையரங்கில், இன்னார் உடனே வெளியே வரவும் என்று கண்ணாடி வில்லையில் எழுதித் திரையிலேயே காட்டுவதும் உண்டு. அதே மேசைப் பணியாளரிடம் இருக்கை எண்ணைச் சொல்லிக் கைப்பேசியை விட்டுச் சென்றால், அழைப்பு வந்ததும் அவரை வந்து அழைக்க ஓர் ஆள் போதும்.

முன் வரிசை

இறுதியாக, இங்குக் கூடியுள்ளோரில் ஒரு பகுதியினரைத் தொடும் செய்தி. சங்கீத நாடக அகாதமி 1953 முதல் செயற்பட்டு வருகிறது. 1980-களின் நடுவில் ஏழு மண்டலப் பண்பாட்டு மையங்கள் ஏற்பட்டன. இவற்றின் வாயிலாகவும் மாநில அரசுகளின் வாயிலாகவும், சந்தை தாங்காத கலைகளுக்குப் பொதுப்பணம் செலவாகிறது. மெதுவாகத் தொடங்குவன, ஒலிபெருக்கிக்கு ஒத்துவராதன, கேட்பவர் உடனிருந்தாலன்றிப் பொருள்படாதன ஆகிய கலைகளே அவற்றில் மிகுதி. அமைதி கெட்டால் முதலில் சாகக்கூடியவையும் இவையே. விரைவும் உரத்த ஓசையும் கொண்ட நிகழ்ச்சி எந்தக் கூட்டத்திலும் பிழைத்துக்கொள்ளும்.

அந்நிகழ்ச்சிகளின் முன் வரிசை யாருக்கு ஒதுக்கப்படுகிறது? சிறப்பு விருந்தினர்க்கும் அதிகாரிகளுக்கும். பணி காரணமாகக் கைப்பேசியை அணைக்க இயலாதவரும் அவர்களே. ஒளிரும் திரையை அரங்கின் எல்லா வரிசைகளும் காணும் இடத்தில், அதை அணைக்கச் சொல்ல எவரும் துணியாதவர் அமர்த்தப்படுகின்றனர். மானியம் பெற்ற நிகழ்ச்சி நடந்ததற்குச் சான்றாகப் படங்களைக் கேட்கும் வழக்கமும் இதற்குத் துணை செய்கிறது. விழா நடத்துபவர் ஆலாபனையின் நடுவே மேடையோரம் வந்து, கோப்புக்காகப் படம் எடுத்துச் செல்கிறார். கச்சேரி தொடங்குமுன் இரண்டு படம், முடிந்தபின் இரண்டு படம் என்று மானிய விதியில் எழுதிவிட்டால் இது நின்றுவிடும். கோப்பில் இதற்கான குறிப்பு அரைப் பக்கத்தைத் தாண்டாது. நிதித் துறையின் ஒப்புதலும் தேவைப்படாது.

முன் வரிசைக்கும் ஒரு மாற்று உண்டு. கடைசி வரிசையில், கதவை ஒட்டிய நான்கைந்து இருக்கைகளை அவசரப் பணியில் இருப்போருக்கென்று ஒதுக்கலாம். கைப்பேசி அதிர்ந்தால் எவரையும் தொடாமல் எழுந்து வெளியேற வசதியான இடம் அது. திரை ஒளிர்ந்தாலும் பின்னால் எவருமில்லை. மாவட்ட ஆட்சியருக்கும் மருத்துவருக்கும் பொருத்தமான இருக்கை அங்கேயே உள்ளது. முன் வரிசையை அந்த ஊர் இசைப் பள்ளியின் மாணவர்களுக்குக் கொடுக்கலாம்.